நாலு மணிக்கு மேல் எழுத்து மங்குகிறது, கண்ணாடி மாற்றியும் தீரவில்லை

இரவுவிளக்கு:

வணக்கம். வயது 43, கணக்குத் தணிக்கை வேலை. நாள் முழுக்கத் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழெட்டு மாதமாக ஒரு தொல்லை விடாமல் படுத்துகிறது. காலையில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மூன்று, நாலு மணி ஆனதும் எழுத்து மங்கத் தொடங்குகிறது. கண்ணைச் சிமிட்டினால் ஒரு நொடி தெளியும், அப்புறம் மறுபடி மங்கும். 8க்கும் 3க்கும் வித்தியாசம் தெரியாமல் திரையை நோக்கிக் குனிகிறேன். கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், புருவத்துக்கு மேல் கனம், பிடரியில் இறுக்கம். இரண்டு வாரமாக இடது கீழ் இமை வேறு துடிக்கிறது.

இதுவரை செய்தவை: கண்ணாடியின் பவரை இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது முறை பிராக்ரஸிவ், அதாவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. நீல ஒளியைத் தடுக்கும் பூச்சும் சேர்த்தே வாங்கினேன். கண் சிவப்புக்கு என்று ஒரு சொட்டு மருந்தைத் தினமும் நாலைந்து தடவை விட்டுக்கொள்கிறேன். விட்டதும் கண் வெள்ளையாகிறது, இரண்டு மணி நேரத்தில் முன்பைவிடச் சிவக்கிறது.

கண் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனபின் யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன். போன வாரம் மகள் வீட்டுப்பாடத்தைக் காட்ட வந்தாள். "கண்ணே தெரியலை, போ" என்று கத்திவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடிக்கொண்டு போனாள். கண்ணால் மனம் கெடுகிறதா, மனத்தால் கண் கெடுகிறதா என்றே எனக்குப் புரியவில்லை. இந்த நிலையிலிருந்து மீண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

திரைமுன்:

எனக்கும் அதே மணல் உறுத்தல், அதே பிடரி. பதில் வருகிறதா என்று பார்க்க இந்த இழையைப் பின்தொடர்கிறேன்.

ஒளிவிலகல்:

பார்வைப் பரிசோதனைத் துறையில் 14 வருடமாக இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி முக்கியமானது: "சிமிட்டினால் ஒரு நொடி தெளியும்." பவர் தவறாக இருந்தால் சிமிட்டினாலும் பெரிதாகத் தெளியாது. சிமிட்டித் தெளிகிறது என்றால் கண்ணீர்ப் படலத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கருவிழியின் மேல் மிக மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. வெளிச்சம் கண்ணுக்குள் நுழையும் முதல் பரப்பே அதுதான். அது வழவழப்பாக இருந்தால் பார்வை தெளிவு, அங்கங்கே உடைந்தால் மங்கல். சிமிட்டும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகப் பூசப்படுகிறது. சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை சிமிட்டுகிறோம். திரையில் மூழ்கியிருக்கும்போது இது பாதியாக, சிலருக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது 8 முதல் 12 நொடிக்கு ஒரு சிமிட்டல்தான். உங்கள் படலம் 5 நொடியில் உடைகிற வகை என்றால், மீதி நேரமெல்லாம் கருவிழி காற்றில் காய்கிறது. மணல் உறுத்தல் அதனால்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. திரை முன்னால் நாம் சிமிட்டுவதில் பல அரைச் சிமிட்டல். மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் வெளியே வருவதற்கு இமைகள் முழுதாக மூட வேண்டும். அந்த எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் வராவிட்டால் எவ்வளவு கண்ணீர் சுரந்தாலும் நிற்காது. கண் காய்கிறது என்று சொல்லும் சிலருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருப்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கண்ணை மெதுவாக முழுசாக மூடி, இரண்டு நொடி வைத்திருந்து, திறந்து, அப்படியே பத்து தடவை. இரவில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், சுமார் 40 டிகிரி செல்சியஸ், ஐந்து முதல் பத்து நிமிடம். துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைத்துப் பிழிய வேண்டும். கை பொறுக்கும் சூடு இமைக்கு அதிகமாக இருக்கலாம், மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அந்தச் சிவப்பு போக்கும் சொட்டு மருந்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த வகை மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் கண்ணை வெள்ளையாக்குகின்றன. மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்பைவிட விரிந்து சிவக்கும், நீங்கள் மறுபடி விடுவீர்கள். வறட்சிக்கு அதில் எதுவும் இல்லை. வறட்சிக்கானது செயற்கைக் கண்ணீர். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே புண்படுத்தும்.

ஓரக்கண்:

சொட்டு மருந்துப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். என் சித்தப்பாவுக்கு ஒரு முறை கண்ணில் அழற்சி வந்து ஸ்டீராய்டு சொட்டு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் குணம். அதற்குப் பிறகு கண் கொஞ்சம் அரித்தாலும் அதே பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கி விட்டுக்கொண்டார், ஒன்றரை வருடம். வலி எதுவும் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பழுதாகிவிட்டது. ஓரப் பார்வை போனது போனதுதான், திரும்பவில்லை. ஸ்டீராய்டு கண் அழுத்த நோயையும் புரையையும் உண்டாக்கும் என்று அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

பகல்நட்சத்திரம்:

நீல ஒளித் தடுப்புக் கண்ணாடியைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் இரண்டு வருடமாகப் போடுகிறேன். எனக்கு நிச்சயமாக இதமாக இருக்கிறது. இரவுவிளக்குக்கு ஏன் வேலை செய்யவில்லை?

ஒளிவிலகல்:

உங்களுக்கு இதமாக இருந்தால் போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் புதிதாகக் காசு செலவழிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. சாதாரணக் கண்ணாடியைவிட நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி கண் அயர்ச்சியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பகல் வானத்திலிருந்து கண்ணுக்கு வரும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது மிகக் குறைவு. திரை முன்னால் கண் அயர்வதற்குக் காரணம் நீல நிறம் இல்லை, சிமிட்டாமல் ஒரே தூரத்தை மணிக்கணக்காகப் பார்ப்பதுதான். உங்கள் பழைய கண்ணாடியில் விட்டுப்போயிருந்த சிறிய சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாததைத் திருத்துவது) புதியதில் சேர்ந்திருக்கலாம், வெளிச்சம் தெறிப்பதைத் தடுக்கும் பூச்சும் இருக்கலாம். இதம் அவற்றிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அரை டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) சிலிண்டர் பவர் திருத்தப்படாமல் இருந்தால்கூட நாள் முழுக்கத் திரை பார்ப்பவருக்குத் தலை கனக்கும்.

இரவில் மட்டும் நீல ஒளிக்கு ஒரு பங்கு உண்டு. விழித்திரையில் நேரத்தை உணரும் தனிவகைச் செல்கள் இருக்கின்றன, அவை நீல ஒளிக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்ளும். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். அதற்குக் கண்ணாடியைவிடத் திரையை மங்கலாக்கி, தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடி வைப்பது மேல்.

பகல்நட்சத்திரம்:

சரி, சிலிண்டர் பவர் விஷயம் உண்மைதான். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன், அதில் இல்லை, புதியதில் இருக்கிறது. இத்தனை நாள் பூச்சுக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழையதட்டச்சர்:

தங்கை இரவுவிளக்குக்கு, எனக்கு வயது 66. தட்டச்சு இயந்திரத்தில் தொடங்கிக் கணினியில் ஓய்வு பெற்றவன். பிராக்ரஸிவ் கண்ணாடி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கும்போது மோவாயைத் தூக்குகிறீர்களா? வீட்டில் யாரையாவது பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். நான் மூன்று வருடம் அப்படித் தலையைத் தூக்கியே வேலை பார்த்தேன். பிடரி வலிக்கு எண்ணெய் தேய்த்தேன், தலையணை மாற்றினேன், மாத்திரை போட்டேன். படத்தைப் பார்த்த பிறகுதான் உண்மை விளங்கியது. கிட்டப் பார்வைக்கான பவர் கண்ணாடியின் அடிப்பாகத்தில் இருக்கிறது, திரையோ கண்ணுக்கு நேராக. அதனால் அடிப்பாகத்தின் வழியாகப் பார்க்கத் தலை தானாகவே மேலே போகிறது.

ஒளிவிலகல்:

ஐயா சொன்னது மிகச் சரி. 43 வயதில் வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும். வெள்ளெழுத்துக்குப் பரிசோதிக்கும்போது அட்டையை 40 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படிக்கச் சொல்வார்கள். அதற்குக் கண் 2.5 டயாப்டர் குவிக்க வேண்டும். திரை 65 செ.மீ. தூரத்தில் இருந்தால் 1.5 போதும். ஆக, புத்தகத்துக்கு ஏற்ற பவர் திரைக்கு ஏற்றதில்லை. பரிசோதனைக்குப் போகுமுன் நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கண்ணிலிருந்து திரைவரை அளவு நாடாவால் அளந்துகொண்டு போங்கள். "எனக்கு இந்தத் தூரத்துக்குத்தான் வேண்டும்" என்று சொல்லுங்கள். திரைக்கென்றே தனிக் கண்ணாடி செய்து தருவார்கள்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே இருக்கட்டும். பார்வை சற்றுக் கீழ்நோக்கி இருந்தால் இமை பாதி இறங்கியிருக்கும், கண் காயும் பரப்பும் குறையும். மின்விசிறியோ ஏசியோ முகத்துக்கு நேராக வீசினால் திசையை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

மெல்லக்காற்று:

நீங்கள் எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். அக்கா கேட்டது மனத்தையும் சேர்த்து. நான் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் நடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே நேரத்தில் மூன்று பேருடைய வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிச்சல், இமைத் துடிப்பு, இரவில் தூக்கம் இல்லை. கண்ணைப் பரிசோதித்தால் எல்லாம் சரி என்றார்கள். ஒரு நாள் தற்செயலாக ஒன்றைக் கவனித்தேன். மேலதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் அதைப் படித்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கிறது. பல் கடித்திருக்கிறது. கண் இமைக்காமல் நிலைகுத்தி நிற்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மின்னஞ்சல்! அத்தனை தடவையும் உடம்பு ஓர் ஆபத்தைச் சந்திக்கத் தயாராகி, ஓடவும் முடியாமல் சண்டை போடவும் முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

வால்டர் கேனன் என்ற உடலியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே இதை விளக்கியிருக்கிறார். ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, கண்மணி விரிகிறது. ஓடுகிறவனுக்கு அது உதவும். எட்டு மணி நேரம் எண்களைப் படிக்கிறவருக்கு அது கனமும் வலியும்தான்.

எனக்கு உதவியது மூச்சு. மின்னஞ்சலைத் திறக்குமுன் ஒரு முறை மூச்சை முழுசாக வெளியே விடுவேன். அவ்வளவுதான் முதல் வாரம். அப்புறம் மதியம் ஐந்து நிமிடம், நாலு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு கணக்கு. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகும், அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் கண்ணுக்கும் ஓய்வு.

நெடுவரிசை:

மன்னிக்கவும், கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். நான் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். ஒரு அழைப்பு முடிந்து அடுத்த அழைப்புக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கணினி எண்ணுகிறது. திரையில் மவுஸ் சுட்டி அசையாவிட்டால் கேள்வி வருகிறது. "20 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போங்கள்", "ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள்" என்பதெல்லாம் கதவு உள்ள அறையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. என் மன அழுத்தத்துக்குக் காரணம் நான் மூச்சு விடத் தெரியாதவன் என்பதா, வேலை அமைந்திருக்கும் விதமா?

மெல்லக்காற்று:

வேலை அமைந்திருக்கும் விதம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் மீண்டதில்கூடப் பாதிப் பங்கு மூச்சுக்கு இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவரால் பார்க்க முடியாது என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. அதை எழுதும் தைரியம் வரும் அளவுக்கு மூச்சு என்னை நிதானப்படுத்தியது, அவ்வளவுதான்.

ஒளிவிலகல்:

நெடுவரிசை, உங்கள் கேள்வி நியாயமானது. கண் ஓய்வுக்குச் சொல்லும் 20-20-20 விதி என்பது 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தை, 20 நொடி பார்ப்பது. அந்த மூன்று எண்ணும் நினைவில் நிற்க எளிது என்பதுதான் அவற்றின் சிறப்பு, 19ஆம் நிமிடத்துக்கும் 25ஆம் நிமிடத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எழுந்து போகவே வேண்டாம். அழைப்பில் பேசிக்கொண்டே அறையின் கடைசிச் சுவரை, சன்னல் இருந்தால் வெளியே இருப்பதைப் பாருங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசை சுருங்கியே இருக்கிறது. ஆறு மீட்டருக்கு அப்பால் பார்த்தால் கிட்டத்தட்ட முழுதாகத் தளர்கிறது. எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம். வாடிக்கையாளர் பேசும்போது உங்கள் கண் திரையில் இருக்க வேண்டிய அவசியம் எத்தனை நொடி என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

திரைமுன்:

ஒரு சந்தேகம். கண் பயிற்சி செய்தால் கண்ணாடியையே கழற்றிவிடலாம் என்று நிறையக் காணொளிகள் வருகின்றனவே? காலையில் சூரியனைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒளிவிலகல்:

சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. விழித்திரையின் நடுப்பகுதி வெந்துபோகும், வலிகூடத் தெரியாது. பயிற்சியால் பவர் குறையாது, ஏனென்றால் பவர் கண்ணின் நீளத்தையும் வளைவையும் பொறுத்தது. ஒரு விதிவிலக்கு: இரண்டு கண்களும் கிட்டத்தில் ஒன்றாகக் குவிய முடியாத குறை சிலருக்கு உண்டு. படிக்கும்போது வரிகள் ஓடும், எழுத்து இரண்டாகத் தெரியும். அதற்கு முறையான பயிற்சி உண்மையாகவே பலன் தரும், ஆனால் பரிசோதித்து உறுதி செய்த பிறகு.

ஓரக்கண்:

இமைத் துடிப்பைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எனக்கும் உண்டு.

ஒளிவிலகல்:

தூக்கக் குறைவு, மன அழுத்தம், காபி. பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்து. சில நாளில் இல்லாவிட்டால் சில வாரத்தில் தானே நிற்கும். அதற்கு மேலும் நீடித்தாலோ, துடிக்கும்போது கண் முழுதாக மூடிக்கொண்டாலோ, கன்னமும் வாயும் சேர்ந்து இழுத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். காபி உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். சாயங்காலம் குடிப்பது இரவிலும் உள்ளே இருக்கும்.

இன்னும் ஒன்று, எல்லோருக்கும். திடீரென்று கண்ணில் மின்னல் மாதிரி பளிச்சிட்டாலோ, மிதக்கும் கரும்புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் இருந்தாலோ, அது விழித்திரை கிழிந்ததாக இருக்கலாம். கண் சிவந்து கடும் வலியும் வாந்தியும் வந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே போக வேண்டும். "திரை பார்த்த அசதி" என்று ஒரு இரவு தள்ளிப்போட்டதால் பார்வையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

(ஏழு வாரம் கழித்து)

இரவுவிளக்கு:

நடந்ததைச் சொல்ல வந்தேன். அளவு நாடாவால் அளந்தேன்: 47 செ.மீ. அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மகள்தான் பக்கத்திலிருந்து படம் எடுத்தாள். மோவாய் மேலே தூக்கி, வாய் லேசாகத் திறந்து, தோள் ஏறி... பார்க்கவே வருத்தமாக இருந்தது. திரையைத் தள்ளி வைத்தேன், கீழே இறக்கினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். 65 செ.மீ. தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொண்டேன். பிடரி வலி இரண்டு வாரத்தில் பாதியானது.

கண் மருத்துவரிடமும் போனேன். இமை ஓரச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றன என்றார். ஒத்தடமும் செயற்கைக் கண்ணீரும் தொடர்கின்றன. சிவப்பு போக்கும் மருந்தை நிறுத்திய முதல் ஐந்து நாள் கண் ரத்தச் சிவப்பாக இருந்தது, பயந்துவிட்டேன். ஆறாம் நாளிலிருந்து குறைந்தது. இதே மருந்தை நிறுத்தப்போகிறவர்கள் அந்த ஐந்து நாளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லக்காற்று சொன்னதை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே கவனித்தேன். கணக்கு பொருந்தாத வரி வந்ததும் மூச்சு நிற்கிறது, அந்த நொடியிலிருந்து கண்ணும் இமைப்பதில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. இப்போது மூச்சை விடும்போதே கண்ணையும் முழுசாக மூடித் திறக்கிறேன். எது எதைக் கெடுக்கிறது என்று கேட்டிருந்தேன், எனக்கு அவற்றைப் பிரிக்கவே முடியவில்லை.

முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. மாதக் கடைசியில் மூன்று நாள் பழையபடி மங்குகிறது, எரிச்சலும் வருகிறது. ஆனால் அந்த மூன்று நாளைக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுகிறேன். வந்ததும் பத்து நிமிடம் விளக்கை அணைத்து ஒத்தடம் வைத்துக்கொள்கிறேன். மகள் துணியை நனைத்துப் பிழிந்து தருகிறாள், அப்படியே கண்ணை மூடிக்கொண்டு அவள் பாடம் சொல்வதைக் கேட்கிறேன்.

நெடுவரிசை:

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் 30 நொடி இடைவெளி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். இப்போதைக்கு 15 நொடி தந்திருக்கிறார்கள். கடைசிச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதன் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு மூச்சை விடுகிறேன். மீதி 15 நொடியையும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

திரைமுன்:

இரவுவிளக்கு, ஒத்தடம் எத்தனை நாள் வைத்த பிறகு வித்தியாசம் தெரிந்தது?

இரவுவிளக்கு:

மூன்றாவது வாரம். அதுவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு இரவும் விடாமல் வையுங்கள்.